நாங்கள் திருத்தி அனுப்பிய கட்டுரை

போன மாதம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளி மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். இப்போது கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு சர்வதேசப் பாடத்திட்டம் என்று பலகை தொங்குகிறது. அந்தக் காலத்திலேயே நம் பள்ளியிலிருந்து ஒரு பெண் சர்வதேச டிப்ளமோ படிக்கப் போனாளாமே, நிஜமா சார் என்று கேட்டார்கள். நிஜம்தான் என்றேன். "அதை எழுதிக் குடுங்க சார். நீங்க எப்படி வேணா எழுதுங்க, நாங்க நல்லாத் திருத்திப் போட்டுக்கிடுதோம்" என்றார் இளைய டீச்சர். எனக்குப் பகீரென்றது. திருத்துவதாக இருந்தால் எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாவம், காபியைக் குடிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆசிரியர் இல்லை. அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தர் என்றால் டைப் அடிப்பது, தபால் பிரிப்பது, மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, மணி அடிக்கிறவர் லீவு போட்டால் மணியும் அடிப்பது, எல்லாம் சேர்த்துத்தான். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸாகி, கொஞ்ச காலம் ஒரு பருத்தி கமிஷன் மண்டியில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். மகன் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகிறான் என்பதில் அவ்வளவு பெருமை.

எங்கள் தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். ரூபி பொன்னம்மாள் என்ற முழுப்பெயரை நான் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து டிக்டேஷன் கொடுக்கவே மாட்டார்கள். ஜன்னல் பக்கம் போய் மைதானத்தைப் பார்த்தபடி நின்று, ஒரு வாக்கியத்தை மனசுக்குள் முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். நடுவில் நிறுத்தினால் "கமா போட்டாச்சா?" என்று ஒரு கேள்வி வரும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவர்களுக்கு இறங்கும். திட்டப்போகிற ஆளை முதலில் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். "தண்ணி குடிங்க ஞானதாஸ்" என்றால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். அந்தத் தண்ணீரை நான் எத்தனை முறை குடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது.

அவர்கள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியே போகிற எந்தத் தாளும் ஃபேர் காப்பியாகத்தான் போக வேண்டும். பிள்ளை எழுதியது ரஃப். அதை வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் திருத்துவார். அதன் மேல் பெரிய டீச்சர் நீல மையில் திருத்துவார்கள். பிறகு என்னிடம் வரும். நான் இரண்டு கார்பன் வைத்து அடித்துக் கொடுப்பேன். ரஃப் நாலாகக் கிழிந்து கூடைக்குப் போகும். பேச்சுப் போட்டிக்கான உரை ஆகட்டும், கலெக்டருக்கு எழுதும் வரவேற்பு மடல் ஆகட்டும், வயிற்றுவலிக்கு லீவு கேட்டு விடுதி வார்டனுக்கு எழுதும் கடிதம்கூட அப்படித்தான் போகும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் ஏறியவர்கள். அவர்கள் எழுத்தைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய டீச்சரின் கவலை. அதில் துளிகூடத் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதம், தபாலில் ஒரு தடித்த கவர் வந்தது. மலைமேல் இருக்கிற ஓர் உறைவிடப் பள்ளி அனுப்பியது. பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு வருடம் சர்வதேச டிப்ளமோ. விடைத்தாள் திருத்துவதற்கு வெளிநாட்டுக்குப் போகுமாம். படிப்பு கடினம், ஆனால் மனப்பாடத்துக்கு அங்கே மதிப்புக் கிடையாதாம். மாணவரே ஒரு கேள்வியை எடுத்து, தானே ஆராய்ந்து, நீளமான கட்டுரை எழுத வேண்டுமாம். வானம் பார்த்த பூமியிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் சிலருக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம் என்றும் போட்டிருந்தது. ஆங்கிலம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, முதல் ஆறு மாதம் அதற்கென்றே தனி வகுப்பு உண்டு. விண்ணப்பத்தோடு, நேரில் கவனித்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அடியில் 'இது என் சொந்தப் படைப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறர் எழுதியது என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடி.

பெரிய டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ராமலட்சுமியைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

ராமலட்சுமி எட்டயபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரி, அதாவது விவசாயக் குடும்பம். அப்பாவை நைனா என்பாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் ரேங்க் அவள் இல்லை. ஆனால் கேள்வி கேட்டே டீச்சர்களைத் திணறடிக்கிற பிள்ளை. எங்கள் பள்ளியில் பத்தாவதுக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் அப்பா வெங்கடசாமி வந்து பெரிய டீச்சர் முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கனயே தங்கிப் படிக்கிறதுன்னா அனுப்புதேன் டீச்சரம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இடம் கிடைக்கலன்னா பத்தாவதோட நிறுத்திட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகட்டும். அவ அக்கா போறா, இவளும் துணைக்குப் போயிருவா. பஸ் மாறிப் போய்ப் படிக்கிறதெல்லாம் நமக்கு ஆகாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒளிக்காமல் சொன்னார், அவ்வளவுதான். மலைக்குப் போனால் படிப்பு, இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீக்குச்சி அடுக்குகிற கூலி வேலை என்பது அன்றைக்கே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

ராமலட்சுமி எடுத்த விஷயம் கரிசல் வெடிப்பு. மழைக்கு முந்தி புஞ்சைக் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்தாள். அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய ஸ்போக்ஸ் கம்பிதான் அளவுகோல். கம்பி முழுதும் உள்ளே போய்விட, இரண்டு கம்பியைச் சேர்த்துக் கட்டினாள். அதுவும் பத்தாமல் பருத்திமார்க் குச்சியை விட்டுப் பார்த்தாள். தம்பி கூடவே வந்து ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் எத்தனை அடி என்று பாதம் வைத்து எண்ணினான். ஒரு நாள் ஒரு குடம் தண்ணீரை வெடிப்புக்குள் ஊற்றி, எங்கே வெளியே வருகிறது என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள். வரவேயில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதையும் கட்டுரையில் எழுதியிருந்தாள். குச்சி உள்ளே வளைந்து நின்ற இடத்தையே வெடிப்பின் அடி என்று எடுத்துக்கொண்டதால் தன் அளவுகள் தப்பாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாள்.

ஆங்கில ஆசிரியை வசந்தா டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "டீச்சர், சைக்கிள் கம்பி, விளக்குமாறு, அம்மா அடிச்சது, எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கா. கூடவே 'என் அளவு தப்பா இருக்கலாம்'னு இவளே சொல்லுதா. இதை மலையில கொண்டு குடுத்தா என்ன நினைப்பாங்க?"

பெரிய டீச்சர் சிவப்பு மையை மூடச் சொல்லவில்லை. கம்பி போயிற்று. குடம் போயிற்று. தப்பாக இருக்கலாம் என்பதும் போயிற்று. வசந்தா டீச்சர் 'இயற்கை அன்னையின் கருங்கொடை' என்கிற பொருளில் ஒரு பத்தி சேர்த்தார். பெரிய டீச்சர் கரிசல் மண்ணின் வேதியியல் குணங்களைப் பாடப்புத்தகத்தில் பார்த்துச் சேர்த்தார்கள். விதியில் சொந்தப் படைப்பு என்று இருக்கிறதே டீச்சர் என்று நான் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தேன். "அவ எழுதினதைத்தானே திருத்துதோம். திருத்தாம அனுப்பினா அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரே இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பட்டதோடு விட்டேனா? அடிக்க உட்கார்ந்தபோது முடிவு சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. மண்டியில் கடிதம் அடித்த காலத்திலிருந்தே என் ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. யாரையும் கேட்காமல், 'வெடித்த நிலம் விவசாயியின் வெடித்த இதயம்' என்ற அர்த்தத்தில் ஆறு வரி நானே சேர்த்தேன். இரண்டு பேரும் படித்தார்கள். இவர் எழுதியது என்று அவரும், அவர் எழுதியது என்று இவரும் நினைத்துக்கொண்டார்கள். ராமலட்சுமி வந்து நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

கார்த்திகையில் மதுரையில் நேர்முகத் தேர்வு. அப்பாவோடு பள்ளியின் சார்பாக நான் போனேன். ஒரு பழைய கட்டடத்தின் ஹாலில் நடந்தது. கூட வந்தவர்கள் பின்பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். மலைப்பள்ளியில் அந்த டிப்ளமோவை நடத்துகிறவர் ஒரு மலையாளி, மேத்யூ சார். நரைத்த தாடி. எங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தார். என் வரியை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

ராமலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

மேத்யூ சார் தாளைக் கீழே வைத்துவிட்டு, "பரவாயில்ல, தமிழ்ல சொல்லு. இந்த ஆழத்தை எதால அளந்தே?" என்றார்.

"ஸ்போக்ஸ் கம்பி சார்!" என்றாள்.

அதற்கு மேல் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. எழுந்து நின்று கையை விரித்து வெடிப்பின் அகலத்தைக் காட்டினாள். பருத்திமார் எங்கே வளைந்தது என்று குனிந்து காட்டினாள். தண்ணீர்க் குடத்தையும் விளக்குமாற்றையும் சொன்னபோது ஹாலே சிரித்தது. "இப்ப மழை பெஞ்சு மூடிப்போச்சு சார். மாசி கழிச்சு வாங்க, காட்டுதேன்" என்றாள். அவர் முன்னால் சாய்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் நாலு பக்கத்தையும் ஒரு முறை புரட்டினார். அதில் கம்பி இல்லை, குடம் இல்லை. அவர் முகம் மாறியதை நான் பின்பெஞ்சிலிருந்தே பார்த்தேன். கோவில்பட்டி வரை பஸ்ஸில் வெங்கடசாமிக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து வந்தேன்.

ஒரு வாரத்தில் மேத்யூ சாரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரையை எழுதியவரும் நேரில் பேசியவரும் ஒரே ஆள் என்று தன்னால் நம்ப முடியவில்லை. கீழே மாணவியின் கையெழுத்து இருக்கிறது. பத்து நாளுக்குள் பள்ளியின் விளக்கம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

வசந்தா டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனாலும் பயத்தில் ஒரு யோசனை சொன்னார். "காலேஜ்ல படிக்கிற சொந்தக்காரங்க யாரோ எழுதிக் குடுத்துட்டாங்க, எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிரலாமா டீச்சர்? பள்ளிக்கூடத்துப் பேராவது மிஞ்சும்."

பெரிய டீச்சர் ராமலட்சுமியை வரச் சொன்னார்கள். அவள் வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன், பயப்படாம சொல்லு. அது நீ எழுதினது இல்லன்னு உனக்குத் தெரியும்லா? பெறகு ஏன் கையெழுத்துப் போட்டே?"

"நீங்க மூணு பேரும் எனக்காக ஒரு வாரமா உக்காந்து எழுதினீங்க டீச்சர். இது நான் எழுதினது இல்லன்னு சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்லா. அதான் போட்டேன்."

அவள் வகுப்புக்குப் போன பிறகு பெரிய டீச்சர் மேசைமேல் இருந்த கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்கள். வழக்கம்போல எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர்களே குடித்தார்கள். முழு டம்ளரையும் நின்றபடி குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்கள்.

"எழுதுங்க ஞானதாஸ்."

அவ்வளவு மெதுவான குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எந்தப் பத்தியை யார் மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். முதல் பக்கம் ஆங்கில ஆசிரியை. இரண்டும் மூன்றும் தலைமையாசிரியை. அந்தப் பெண் எழுதியதில் எதையெல்லாம் நீக்கினோம் என்பது தனியாக ஒரு பத்தி. கையெழுத்துப் போடும்படி நாங்கள் சொன்னதால்தான் அவள் போட்டாள், இதற்குரிய பொறுப்பு எங்களுடையது. நாலாம் பக்கத்துக்கு வந்ததும், "கடைசிப் பத்தி, ஆங்கில ஆசிரியை" என்றார்கள்.

"ஐயோ, அது நான் இல்லியே டீச்சர், நீங்கல்லா?" என்றார் வசந்தா டீச்சர்.

நான் டைப்ரைட்டரைவிட்டுக் கையை எடுத்தேன். "அது நான் எழுதினது டீச்சர்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பெரிய டீச்சர், "நீங்களுமா?" என்றார்கள். பிறகு, "சரி, கடைசிப் பத்தி பள்ளி எழுத்தர். அடிங்க" என்றார்கள். அடித்தேன். அன்றைக்கு அந்த அறையில் சிரிக்க முடிந்த ஒரே விஷயம் அதுதான். ஆனால் மூன்று பேரும் சிரிக்கவில்லை.

விதிப்படி விண்ணப்பத்தைத் தள்ளிவிட மேத்யூ சாருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம். மார்கழியில் பதில் வந்தது. மாணவி அதே விஷயத்தை மறுபடி எழுதட்டும். ஒரே அமர்வில், அவள் கையெழுத்திலேயே. யார் யாரிடம் என்ன உதவி பெற்றாள் என்பதையும் கடைசியில் எழுத வேண்டும். வேறு யாரும் படித்துப் பார்க்காமல் அவளே கவரை ஒட்ட வேண்டும். ஆனால் இடம் நிச்சயமில்லை, குழு கூடித்தான் முடிவு செய்யும்.

குறித்த நாளில் பெரிய டீச்சர் தன் அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நாற்காலிகூடப் போடாமல் காவல் நின்றார்கள். சத்தம் வரக் கூடாது என்று என் டைப்ரைட்டருக்கும் அன்று லீவு. வசந்தா டீச்சர் சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். இரண்டு முறையும் பெரிய டீச்சர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

பதினோரு மணிவாக்கில் வெங்கடசாமி வந்தார். காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பார் போல, முழங்கால் வரை கரிசல் ஒட்டியிருந்தது.

"இன்னொரு தடவை எழுதச் சொல்லுதாகளாமே டீச்சரம்மா. பிள்ளை தோத்துட்டாளா?"

"அவ தோக்கல. நாங்கதான் தோத்துட்டோம்" என்றார்கள் பெரிய டீச்சர். "எங்க பாவத்துக்கு அவ இன்னைக்குப் பரீட்சை எழுதுதா. என்னைய மன்னிச்சுக்கிடுங்க."

"நீங்க போயி அப்படிச் சொல்லலாமா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரும் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். இருவருக்கும் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்காரவில்லை.

ஒரு மணிக்கு ராமலட்சுமி வெளியே வந்தாள். விரலெல்லாம் மை. ஒட்டிய கவரை என்னிடம் தந்தாள். தபாலாபீஸ் வரை சைக்கிளில் போன அந்தத் தூரம் முழுதும் உள்ளே என்ன இருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை தப்பாக இருந்தாலும் மாற்ற முடியாதே என்று பதறினேன். பிறகு, நாங்கள் மாற்றியதால்தானே இவ்வளவும் என்று நினைத்து, கவரைப் பெட்டிக்குள் போட்டேன்.

தை முழுக்கப் பதில் இல்லை. அக்காவோடு ராமலட்சுமியும் தீப்பெட்டி ஆபீசுக்கு வருவாள் என்று, ஆள் சேர்க்கிற ஏஜெண்டிடம் வெங்கடசாமி பெயர் கொடுத்து வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். வசந்தா டீச்சர் தினமும் தபால் நேரத்துக்கு ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார். இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன்.

மாசி பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மலைப்பள்ளியிலிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. பிரிக்க எனக்குத் தைரியமில்லை. அப்படியே பெரிய டீச்சரிடம் கொண்டு போனேன். வசந்தா டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தார். இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமும், எல்லாச் செலவும் அவர்களுடையது. வசந்தா டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "ஏசப்பா, ஏசப்பா" என்று அழுதார். பெரிய டீச்சர் பியூனை உடனே சைக்கிளில் வெங்கடசாமி வீட்டுக்கு விரட்டினார்கள். பிறகுதான் உள்ளே இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்தோம். ராமலட்சுமியின் கட்டுரையின் கடைசிப் பகுதியை மேத்யூ சார் தன் கையால் பார்த்து எழுதி, 'இதை நீங்கள் மூவரும் படிக்க வேண்டும் என்று நினைத்தேன்' என்று மேலே குறித்திருந்தார்.

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் நின்று அதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். நாலு வரி தாண்டவில்லை, தாளை என்னிடம் நீட்டிவிட்டார்கள். மிச்சத்தை நான்தான் வாசித்தேன். குட்டிக் குட்டி ஆங்கில வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"எனக்குக் கிடைத்த உதவி. நைனா கம்பி கொடுத்தார். தம்பி அடி வைத்து எண்ணினான். அம்மா ஒரு குடம் தண்ணீரை இழந்தார். முதல் கட்டுரையை எங்கள் டீச்சர்களும் டைப்பிஸ்ட் சாரும் எழுதினார்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. நான் எழுதியதைப் படித்தால் நீங்கள் என்னை எடுக்க மாட்டீர்கள் என்று பயந்தார்கள். அப்போது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இதை எழுதும்போது இல்லை."